கல்வீட்டுக்குள் வந்த பசு

வனஜாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஜன்னல். பெரிய ஜன்னல்கூட வேண்டாம். கடுகும் மிளகாயும் தாளிக்கும்போது எழுகிற புகை வெளியே போகிற அளவுக்குச் சமையலறைச் சுவரில் ஒரு திறப்பு இருந்தால் போதும். ஆனால் அந்தச் சமையலறை இருந்தது ஒரு பிரபுவின் வீட்டில். பிரபுவின் வீட்டுச் சுவரில் துளை போட ஜெர்மன் அதிகாரிகள் விடமாட்டார்கள்.

அதைப் பிரபுவின் வீடாக்கியவன் வேறு யாருமில்லை, அவள் கணவன் பார்த்தசாரதிதான்.

பார்த்தசாரதி வால்டோர்ஃபில் மென்பொருள் என்ஜினியர். கல்யாணத்துக்கு முன் ஒரு ப்ராஜெக்டுக்காக ஆறு மாதம் இங்கிலாந்துக்குப் போனவன், சனி ஞாயிறுகளில் கேமராவும் கையுமாகக் கிராமம் கிராமமாய் அலைந்து, அங்கிருந்த பழைய கல்வீடுகளைப் பார்த்துப் பித்தாகித் திரும்பியிருந்தான். வாழ்ந்தால் அப்படி ஒரு வீட்டில் வாழவேண்டும். இங்கிலாந்தில் வாங்க வழியில்லை. அதனால் 2006-ல், வால்டோர்ஃபிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில், லெர்ஹன்பாக் என்ற கிராமத்தில் ஒரு கல்வீட்டை வாங்கினான்.

சிவப்பு மணற்கல் வீடு. சுவர் அகலத்துக்கு ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம். கீழ்த்தளத்தில் வளைந்த கல் கூரை கொண்ட கூடம். அதன் பின்னால் இன்னொரு நீள அறை, அதுதான் சமையலறை. அங்கே ஒரு சுவரை ஒட்டி நீளமான கல் தொட்டி, தொட்டிக்கு மேலே சுவரில் பதித்த இரும்பு வளையங்கள், தரையில் ஒரு சின்ன வாய்க்கால். பின்சுவரில் வளைவு வைத்த ஒரு மாடம், கல் வைத்து மூடியது, தரையிலிருந்து வனஜாவின் கழுத்து உயரம் இருக்கும். வெளிச்சத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு கீற்று.

பார்த்தசாரதி இவை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வைத்திருந்தான். கீற்று, எதிரிகள் மேல் அம்பு விடுவதற்கு. தொட்டி, போரிலிருந்து திரும்பிய பிரபு வாளைக் கழுவுவதற்கு. வாய்க்கால், கழுவிய ரத்தம் ஓடுவதற்கு. வளையங்களில் தீப்பந்தம். மாடத்தில் குலதெய்வமாக ஏதோ ஒரு புனிதர். சுவரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக்கூட, பிரபு காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு என்று சொல்லித் துடைக்கவிடாமல் காத்தான்.

இதையெல்லாம் நாற்பது பக்கப் பவர்பாயிண்ட் செய்து, பழைய கட்டடங்களைக் காக்கும் மாவட்ட அலுவலகத்தில் போட்டுக் காட்டினான். அங்கே பொறுப்பிலிருந்தவர் ஹெர் க்னாப். பக்கத்து மாவட்டத்தில் மூன்று பிரபு வீடுகள் இருக்க, தன் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லையே என்று பல வருடங்களாக மனம் நொந்தவர். இருபதாவது பக்கத்திலேயே அவர் கண் கலங்கிவிட்டதாகக் கேள்வி. லெர்ஹன்பாக் வீடு பிரபு வீடாகப் பதிவானது.

அதன் பிறகுதான் வனஜாவின் ஜன்னல் விண்ணப்பம் போனது. தபாலில் வந்த பதிலை அவள் அகராதி வைத்துப் படித்தாள். தான் படித்தது தப்பாக இருக்கும் என்று நினைத்து மறுபடி படித்தாள். அவள் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பமாட்டாள். சரிபார்த்த பிறகு தன்னை நம்பமாட்டாள். கடைசியில் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கே போனாள்.

கவுண்டரில் இருந்த பெண் அவள் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினாள்.

"இருங்கோ அக்கா. நான் றீற்றா. இஞ்ச வரைபடம் கீறுற வேலை." ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கடிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். "புதுசா ஓட்டை போட ஏலாது எண்டு எழுதியிருக்கினம். பிரபு வீடெல்லோ."

"சமையலறையை வேற ரூமுக்கு மாத்திக்கலாமா?"

"தண்ணிக் குழாய் கொண்டுபோகச் சுவரை இடிக்கவேணும். அதுவும் ஏலாது."

"அப்ப என்னதான் முடியும்?"

"முந்தி ஒரு திறப்பு இருந்து, பிறகு ஆரும் மூடியிருந்தால் திறக்கலாம். அதுக்குச் சட்டம் இருக்கு. உங்கட வீட்டில அப்பிடி ஏதும் இருக்கோ?"

வனஜாவுக்கு மாடம் ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் அந்தக் கல்லிடுக்கு வழியாகக் காற்று வந்து அடுப்புச் சுடரை ஆட்டும். அதில் அடுக்கியிருந்த கற்களும் மற்றவை போல இல்லை. அன்று இரவே கணவனிடம் சொன்னாள்.

"அது பிளைண்ட் நிஷ், வனஜா. சும்மா அழகுக்கு வைக்கிறது. க்னாப்பே ஒத்துண்டிருக்கார். ஆர்க்கிடெக்சரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாதுதான். மாலை வகுப்பில் ஜெர்மன் படிக்கிறாள், அதுவும் இரண்டாம் நிலையிலேயே இருக்கிறாள். அதிகாரியும் என்ஜினியரும் சேர்ந்து மாடம் என்று சொல்லும்போது காற்று வருவது தன் பிரமையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். புகை மட்டும் பிரமையாக இல்லை. அது மாடிப்படி ஏறிப் படுக்கையறைக்குப் போய், பார்த்தசாரதியின் ஆபீஸ் கோட்டில் குடியேறி, அவனோடு மீட்டிங்குகளுக்கும் போய் வந்தது. புகையை உறிஞ்சி வடிகட்டும் மெஷின் ஒன்று வாங்கி மாட்டினார்கள். பெருங்காயத்துக்கு முன்னால் அது ஒரு மாதம்தான் தாக்குப்பிடித்தது.

குளிர்காலம் முடிவதற்குள் கொதிகலன் வெடித்தது, கூரையில் ஒழுகியது, காரின் கண்ணாடி உடைந்தது. திருவல்லிக்கேணியிலிருந்து மாமியார் ஸ்கைப்பில் தீர்ப்புச் சொன்னார்.

"பசு நுழையாத வீட்டுல பால் காய்ச்சிக் குடிபோனா இப்படித்தான். முறையா ஒரு கிரகப்பிரவேசம் பண்ணுடா. கன்னுக்குட்டி இல்லாட்டாப் போறது, பசு கண்டிப்பா வரணும்."

"அம்மா, இது ஜெர்மனிம்மா."

"ஜெர்மனியில பாலை எங்கேர்ந்து கறக்கறா? மரத்துலேர்ந்தா?"

பார்த்தசாரதி யோசித்துப் பார்த்ததில் யோசனை நல்லதாகவே பட்டது. வாசலில் வைக்கப் பித்தளைப் பலகை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் 'ரிட்டர் வீடு' என்று எழுதியிருக்கும். ரிட்டர் என்றால் கவசம் பூட்டிக் குதிரையேறும் பிரபு. கிரகப்பிரவேசத்தன்றே ஹெர் க்னாப்பை அழைத்துப் பலகையைத் திறந்துவைக்கச் சொல்லலாம்.

வனஜாவுக்கும் யோசனை பிடித்திருந்தது. ஆனால் காரணம் வேறு. க்னாப் சமையலறையில் நிற்கும்போது காய்ந்த மிளகாயை எண்ணெயில் போடுவது. அவர் இருமி முடித்ததும் தயாராக வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்வது. 'மதிப்புக்குரிய ஐயா, ஒவ்வொரு நாளும் எனக்கு இப்படித்தான்.' மாலை வகுப்பில் ஆசிரியையிடம் காட்டித் திருத்தி வாங்கி, பேருந்தில் வரும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினாள்.

பசு விஷயத்தை க்னாப் லேசில் விடவில்லை. றீற்றா போனில் சொன்னாள்: "அக்கா, மாடு வரக்கூடாது எண்டு சட்டத்தில இல்லையாம். ரெண்டு நாள் தேடிப் பாத்தவர். ஆனால் பழைய கல்தரையெல்லோ, அரண்மனையில ஆக்கள் போடுற மாதிரி மாடும் கம்பளிச் செருப்புப் போடவேணுமாம்."

"பகிடியா பண்றே?" அலுவலகத்துக்குப் போய்வந்த பழக்கத்தில் வனஜாவுக்கு றீற்றாவின் சொற்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன.

"பகிடியில்லை. எழுத்தில தந்திருக்கிறார்."

வனஜா உட்கார்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துணியில் நான்கு செருப்புகள் தைத்தாள். அளவெடுக்கப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போய் வந்தாள். பண்ணைக்காரி பிரிகிட்டே, இருபது வயதுக்காரி, மாட்டை வாங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. லோட்டே என்ற அந்தப் பழுப்புப் பசுவின் காலை நூல் வைத்து அளக்கும்போது, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. ஜெர்மனியில் கேட்டால் விளக்கம் நீளும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

கிரகப்பிரவேசத்தன்று வெயில் அடித்தது. வால்டோர்ஃபிலிருந்து கம்பெனி நண்பர்கள் பட்டுப்புடவைகளோடும் குழந்தைகளோடும் வந்திறங்கினார்கள். ஐயர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தார். கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் லேப்டாப். அதில் மாமியார் முழுநீளத்துக்குத் தெரிந்தார். பித்தளைப் பலகை வாசலில் பட்டுத்துணி போர்த்திக் காத்திருந்தது. ஹெர் க்னாப் டை கட்டி, கம்பளிச் செருப்புப் போட்டு, முதல் வரிசையில் நின்றார். பக்கத்தில் றீற்றா.

வனஜா தன் திட்டப்படி அவரை முதலில் சமையலறைக்கு அழைத்துப்போனாள். மிளகாயை எண்ணெயில் போட்டாள். கமறல் எழுந்தது. க்னாப் இருமினார், கண்ணைத் துடைத்தார், வளைந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். அவள் வாக்கியத்தைத் தொடங்கும் முன் அவரே பேசினார்.

"அற்புதம்! பிரபுவின் காலத்திலும் இங்கே புகை இப்படித்தான் சூழ்ந்திருக்கும். இதைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்."

வனஜா வாக்கியத்தை விழுங்கினாள். ஐம்பது பேர் சாம்பாருக்கு நறுக்கிய கீரையும் அவரைக்காயும் கல் தொட்டியில் குவிந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வனஜா, பசு வந்தாச்சு!" என்று கூடத்திலிருந்து குரல்.

லோட்டே கழுத்தில் சாமந்தி மாலையும், நெற்றியில் குங்குமமும், காலில் கம்பளிச் செருப்புமாக வாசற்படியில் நின்றது. பட்டு வேட்டியில் பார்த்தசாரதி கயிற்றைப் பிடித்திருந்தான். அவன் சிநேகிதன் ஜெயகாந்த் வீடியோ எடுத்தான்.

"மச்சி, மாட்டுக்கு ஷூ எந்த ப்ராண்டு?"

"வாயை மூடுடா. ரெக்கார்ட் ஆகறது."

ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். லோட்டே ஒரு கணம் மூக்கை உயர்த்தி வீட்டின் காற்றை முகர்ந்தது. பிறகு உள்ளே வந்தது. கோலத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்க்கவில்லை. தனக்காகப் போட்டிருந்த ஜமக்காளத்தை மிதித்துத் தள்ளி, கயிற்றோடு பார்த்தசாரதியையும் இழுத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் திரும்பியது. திரும்பி, தொட்டிக்கு முகமும் வாய்க்காலுக்கு வாலுமாக, இரும்பு வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றது. பழகிய ஆள் தன் இடத்தில் காரை நிறுத்துவது போல அவ்வளவு சுத்தமாக நின்றது.

பிறகு வாள் கழுவும் தொட்டிக்குள் தலையை விட்டுக் கீரையைத் தின்றது.

"ஐயோ, சாம்பார்!" என்றது ஒரு பட்டுப்புடவை.

கீரை முடிந்ததும் லோட்டே தலையைத் தூக்கி, பிரபு காலத்துச் சுண்ணாம்புப் பூச்சை நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ரசித்து நக்கியது. மாடுகள் நின்ற சுவரில்தான் இப்படி உப்பு ஏறும் என்பதும், அந்த உப்புக்கு மாடு அலையும் என்பதும் க்னாப் படித்த விஷயம்தான். அவர் முகம் மெல்ல வெளுக்கத் தொடங்கியது. கடைசியாக லோட்டே வாலைத் தூக்கியது. சாணமும் கோமியமும் வாய்க்காலில் ஒரு சொட்டு பிசகாமல் விழுந்தன.

ஜெர்மன் விருந்தினர்கள் பின்னால் நகர்ந்தார்கள். தமிழ் விருந்தினர்கள் முன்னால் நகர்ந்தார்கள். "சுபசகுனம், சுபசகுனம்!" என்றார் ஐயர். யாரோ டம்ளர் தேடினார்கள்.

வனஜா மட்டும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமியம் தேங்கவில்லை. ஓடியது. ஓடி, பின்சுவரின் மாடத்துக்குக் கீழே போய், கல்லுக்கு அடியில் காணாமல் போனது.

தப்பாகப் பார்த்திருக்கலாம். கல் உறிஞ்சியிருக்கலாம். சடங்குக்குக் கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீர் ஒரு குடம் நிறைய மூலையில் இருந்தது.

"றீற்றா, வீட்டுக்குப் பின்னால போய் நில்லேன். இந்த மாடத்துக்கு நேரே."

"அங்கால முழுக்கக் காஞ்சொறியெல்லோ அக்கா."

"ப்ளீஸ்."

றீற்றா போனாள். வனஜா குடத்தைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மாடத்தடியில் மறைந்தது. எல்லோரும் ஏன் என்று தெரியாமலே மாடத்தின் பக்கம் திரும்பினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"அக்கா! மஞ்சள் தண்ணி இஞ்சால வருது! ஐயோ, சப்பாத்தெல்லாம் மஞ்சள்! அக்கா, இது மாடமில்லை, வாசல்! வெளியால நிலைக்கல்லு தெரியுது!"

ஹெர் க்னாப் முட்டிபோட்டு உட்கார்ந்தார். மாடத்துக் கற்களை விரலால் தட்டினார். இடுக்கில் இருந்ததை நகத்தால் சுரண்டி மோந்தார். எழுந்தபோது அவருக்கு வயது கூடியிருந்தது.

"சிமெண்ட்," என்றார். "அடைத்து ஐம்பது வருடம்கூட இருக்காது. இது சாணம் அள்ளி வெளியே தள்ளுகிற வாசல். இந்த அறை மாட்டுத் தொழுவம்."

ஜெயகாந்தின் கேமரா குலுங்கியது. "டேய் பார்த்தா, பிரபு வாள் கழுவின தொட்டியிலதானே போன மாசம் எனக்குப் பஞ்ச் கலந்து குடுத்தே?"

"குதிரையா இருக்கலாம்!" என்றான் பார்த்தசாரதி, ஜெர்மனில், அவசரமாக. "ரிட்டரின் குதிரை லாயம்!"

"குதிரைக்கு வளையம் இவ்வளவு தாழ்வாக இருக்காது," என்றார் க்னாப் துக்கத்தோடு. "தொட்டியும். பிரபு இந்த வீட்டுக்கு வந்திருந்தால், பால் வாங்க வந்திருப்பார்."

வனஜா மூச்சை இழுத்துக்கொண்டாள். பேருந்தில் பழகிய வாக்கியம் இதற்கு உதவாது. இருக்கிற சொற்களைப் பொறுக்கி அடுக்கினாள். "பழைய திறப்பு. மூடியது. நான் திறக்கலாமா?"

க்னாப் அவளை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு றீற்றாவிடம் நீளமாகப் பேசினார். மஞ்சளான ஷூவைக் கையில் பிடித்தபடி வந்து நின்ற றீற்றா மொழிபெயர்த்தாள்.

"திறக்கலாமாம் அக்கா. ஆனால் வீட்டுக்காரர் ஒரு அன்ட்ராக், விண்ணப்பம், குடுக்கவேணும். கீழ்த்தளம் தொழுவமாத்தான் இருந்தது எண்டு அண்ணை தானே கையெழுத்து வைக்கவேணும். பிரபு வீடு எண்ட பதிவு அதோட போயிடும். அந்தப் பலகையும் வைக்க ஏலாது."

எல்லோரும் பார்த்தசாரதியைப் பார்த்தார்கள். அவன் வனஜாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"ஆபீஸ் முழுக்க ரிட்டர் வீடுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு ஜன்னலுக்காக என்னை மாட்டுக்கொட்டகையில குடியிருக்கச் சொல்றியா?"

"இப்ப மட்டும் எங்க குடியிருக்கோம்?"

"அது நமக்குள்ள. எழுத்துல குடுக்கமாட்டேன். முடியாது. ஒரு நல்ல மெஷினா வாங்கித் தர்றேன்."

"மெஷின் வேண்டாம். நான் மூச்சு விடணும்."

"எல்லார் முன்னாலயும் சீன் போடாதே வனஜா."

அவள் குரல் தழைந்தது. எப்போதும் இந்த இடத்தில்தான் அவளுக்குத் தன் மேல் சந்தேகம் வரும். இவ்வளவு பெரிய மனிதர்களின் சந்தோஷத்தை ஒரு தாளிப்புக்காகக் கெடுக்கிறோமோ என்று. ஆனால் வாய்க்காலில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அதை அவள் இரண்டு முறை பார்த்தாள்.

"கையெழுத்துப் போடாட்டா இந்த வீட்டுல அடுப்பு பத்தாது," என்றாள். "பிரெட் சாப்பிட்டுக்கோங்க. பிரபுக்கள் சாப்பிட்ட மாதிரி."

"என்னடா நடக்கறது அங்கே?" லேப்டாப்பிலிருந்து மாமியாரின் குரல். "எனக்கு மாட்டு வால்தான் தெரியறது. அந்த வெள்ளைக்காரர் என்ன சொல்றார்?"

பார்த்தசாரதி மூடியைச் சாத்தப் பாய்ந்தான். அதற்குள் றீற்றா, கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டாள். "அம்மா, இது முந்தி மாட்டுத் தொழுவமாம். முந்நூறு வருசம் மாடுதான் நிண்டதாம்."

பார்த்தசாரதி கண்ணை மூடிக்கொண்டான்.

"முந்நூறு வருஷம் பசு நின்ன இடமா?" என்றார் மாமியார். "ஏண்டா, இதைச் சொல்லாம கத்தி கழுவினான், ரத்தம் ஓடித்துன்னு சொல்லிண்டிருந்தே? கொலைகாரன் வீட்டுல பிள்ளை குடியிருக்கானேன்னு நான் ராத்தூக்கம் இல்லாம வேண்டிண்டிருக்கேன்! கோசாலைடா அது! மகாலக்ஷ்மி வாசம் பண்ணின எடம்! இரு, இரு, எதிராத்து வேதவல்லியைக் கூப்பிடறேன். அவ பிள்ளை அமெரிக்காவுல நீச்சல்குளம் வெச்சு வாங்கியிருக்கான்னு ரொம்பப் பேசறா. கோசாலை வெச்சு வாங்கினானான்னு கேக்கறேன்."

பார்த்தசாரதி மெல்லக் கண்ணைத் திறந்தான். கூடத்தைப் பார்த்தான். வளைவைப் பார்த்தான். பட்டுப்புடவைகள் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தான். அவன் முதுகு நிமிர்ந்தது.

"ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது," என்றான் ஜெயகாந்தின் கேமராவைப் பார்த்து. "இந்த இடத்துல ஏதோ ஒரு வைப்ரேஷன் உண்டு."

"புகையா இருக்கும் மச்சி," என்றான் ஜெயகாந்த்.

க்னாப்பும் தேறிவிட்டார். பக்கத்து மாவட்டத்தில் பிரபு வீடு மூன்று உண்டு. தொட்டி, வளையம், வாய்க்கால், சாணவாசல் எதுவும் சிதையாத தொழுவம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த எண்ணம் அவர் முகத்தில் ஏறுவதை வனஜா கண்ணாலேயே பார்த்தாள். அவர் அங்கேயே, தொட்டி விளிம்பில் தாளை வைத்து, நிபந்தனைகளை எழுதத் தொடங்கினார். சாணவாசலுக்குப் பழைய முறையில் ஓக் மரக் கதவு மட்டுமே போடவேண்டும். கண்ணாடி கூடாது. மின்விசிறி கூடாது. தொழுவங்களில் இருந்த வழக்கப்படி, பகல் முழுவதும் கதவு திறந்திருக்கவேண்டும். பார்த்தசாரதி படிக்காமலே கையெழுத்துப் போட்டான். மாமியார் எதிர்வீட்டுக்காரியை இழுத்துவந்து திரையில் நிறுத்தியிருந்தார்; அவருக்குக் கையசைக்கும் அவசரம் அவனுக்கு.

செப்டம்பரில் கல்லை எடுத்தார்கள். கதவு மாட்டினார்கள். வனஜா அன்று கடுகைப் போட்டுவிட்டு, அடுப்பின் எதிரே கை கட்டி நின்றாள். புகை எழுந்தது, கூரை வளைவில் ஒரு சுற்றுச் சுற்றியது, பழக்கப்படி மாடிப்படி பக்கம் திரும்பியது, வெளியே வெளிச்சம் தெரிந்ததும் குனிந்து வாசல் வழியாகப் போய்விட்டது. அவளும் குனிந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். காஞ்சொறிக்கு மேலே அது கலைந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பார்த்தசாரதி கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்துவந்து, தோட்டத்தில் நிறுத்தி, உலகின் வடக்குக் கோடியில் இருக்கும் மிகப் பழைய கோசாலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். சாணவாசலுக்கு நேர் எதிரே நின்றுதான் விளக்கினான். உள்ளே வனஜா வத்தக்குழம்புக்கு மிளகாய் வறுத்தாள். பன்னிரண்டு பேரும் ஒன்றாக இருமினார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் குனிந்தான்.

"வனஜா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தேன். கெஸ்ட் நிக்கறா."

"சாத்தக்கூடாதுங்க," என்றாள் வனஜா. "பகல் முழுக்கத் திறந்திருக்கணும். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவன் போன பிறகு இன்னும் நாலு மிளகாயைக் கிள்ளிப் போட்டாள்.